நனைந்த களிசானுக்கே நன்னீர்

மட்டித்துறை எமில்ராஜின் இடது காலில் முட்கம்பி ஏறியது. இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. தென்மராட்சியில், கடல்நீர் உள்வாங்கித் தேங்கும் களப்பின் ஓரத்தில் இருக்கும் அந்தச் சின்ன ஊரில் இறால் பிடிக்க இறங்குகிற எவருக்கும் எப்போதாவது ஒருமுறை கம்பி ஏறும். யுத்த காலத்தில் யாரோ கரையோரமாகச் சுருள் சுருளாகப் போட்டுவிட்டுப் போனது. போட்டவர்கள் போய்விட்டார்கள், கம்பி போகவில்லை. சேற்றுக்குள் படுத்துக்கொண்டு, மேலே வருகிற கால்களுக்காகக் காத்திருந்தது.

மற்றவர்கள் என்றால் காயத்தில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு மறுநாளும் இறங்கிவிடுவார்கள். எமில்ராஜுக்கு நீரிழிவு, ஊர்ப்பேச்சில் சீனி வருத்தம். காயம் ஆறுவதற்குள் இறால் பருவம் பாதி போய்விட்டது. அவன் மனைவி பெனடிக்ரா ஒருநாள் காலை அவனுக்கு வெள்ளைச் சேட்டைப் போட்டுவிட்டு, “போய்க் கதைச்சுப்போட்டு வாங்கோ. அந்தக் கம்பியை எடுக்காட்டி நீங்கள் இனித் தண்ணிக்குள்ள இறங்கேலாது” என்று அனுப்பினாள்.

களப்பு வாழ்வாதார மேம்பாட்டு அலுவலகம் என்று ஒன்று இருந்தது. அதற்குப் பொறுப்பாக இருந்தவர் சுபாங்கன், நெல்லியடிக்காரர், இளம் வயது. கெட்ட மனிதர் அல்லர். வந்தவர்களுக்குக் கதிரை கொடுப்பார், தேத்தண்ணி கொடுப்பார், அண்ணை என்று கதைப்பார். கேட்டதை மட்டும் கொடுக்கமாட்டார்.

“கம்பியை எடுத்துவிட்டாக் காணும் சேர். வேற ஒண்டும் வேண்டாம்” என்றான் எமில்ராஜ்.

“அண்ணை, கம்பி தண்ணிக்குள்ளயோ கிடக்கு, சேத்துக்குள்ளயோ?”

“தண்ணிக்குக் கீழ, சேத்துக்குள்ள.”

சுபாங்கன் கவலையோடு தலையசைத்தார். “அங்கைதான் பிரச்சினை. தண்ணி எண்டா ஒரு திணைக்களம். சேறு எண்டா நிலம், அது வேற திணைக்களம். கம்பி எண்டா இரும்பு. யுத்தத்தில போட்டது எண்டா பாதுகாப்பு. நாங்கள் அதில கைவைச்சா அது அத்துமீறல்.”

“அப்ப உங்கடை பொறுப்பில என்ன சேர் இருக்கு?”

சுபாங்கன் உண்மையாகவே யோசித்தார். யன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு எமில்ராஜின் கட்டுப்போட்ட காலைப் பார்த்தார். முகம் தெளிந்தது.

“கால்” என்றார். “கடற்றொழிலாளரின்ரை கால் முழுக்க முழுக்க எங்கடை பொறுப்பு.”

இவ்வாறாகத்தான் ‘களப்புத் தொழிலாளர் கீழங்கப் பாதுகாப்புத் திட்டம்’ உதயமாயிற்று.

கம்பியை அகற்றுவது தற்காலிகத் தீர்வு, கம்பியிலிருந்து காலை அகற்றுவதே நிலையான தீர்வு என்று மேலிடம் முடிவுசெய்தது. குளிர்தேசங்களில் ஆற்றுக்குள் நின்று மீன்பிடிப்போரும் சதுப்பில் நின்று வாத்து வேட்டையாடுவோரும் அணிகிற உடுப்பு ஒன்று உண்டு. சப்பாத்தும் காற்சட்டையும் ஒட்டிப் பிறந்தது. பாதத்தில் தொடங்கி நெஞ்சில் முடியும். தோளில் வார் போட்டு மாட்டிக்கொள்ளலாம், தண்ணீர் உள்ளே வராது. இதற்கு அலுவலகத்தில் ‘நீர்புகா நெஞ்சளவுக் காப்புடை’ என்று பெயர் வைத்தார்கள். மட்டித்துறையில் றப்பர் களிசான் என்றார்கள்.

களிசானைத் தெரிவுசெய்வதற்காக ஒரு குழு யாழ்ப்பாணப் பட்டணத்து விடுதி ஒன்றில் கூடியது. மண்டபத்தில் குளிரூட்டி நன்றாக வேலை செய்ததால், எல்லாவற்றிலும் தடித்த களிசானைப் போட்டுப்பார்த்த உறுப்பினருக்கு அது மிகவும் இதமாக இருந்தது. பனி உறைகிற தண்ணீரிலும் உடம்புச் சூட்டை வெளியே விடாது என்று அதில் எழுதியிருந்தது. எங்கள் மக்களுக்கு ஏன் தரம் குறைந்ததைக் கொடுக்கவேண்டும் என்று குழு ஏகமனதாகக் கேட்டுக்கொண்டது. அளவு பற்றியும் ஆராய்ந்தார்கள். உயரமானவருக்கும் கட்டையானவருக்கும் நடுவில் ஓர் அளவை எடுத்தார்கள். அது ஒருவருக்கும் பொருந்தாது, ஆகையால் ஒருவருக்கும் அநீதி இல்லை. நிறத்தைப் பொறுத்தவரை, வாத்துக்களின் கண்ணில் படாமல் இருப்பதற்காகக் காய்ந்த புல்லும் இலையும் சேறும் கலந்து அச்சடித்த ரகமே உடனே கிடைத்தது. திட்டப் பணிப்பாளர் திருமதி கஜானி அதைக் கையில் எடுத்துப் பார்த்து, “இயற்கையோட ஒத்துப்போகுது” என்றார்.

இடுப்பைச் சுற்றிக் கட்டும் பட்டி ஒன்றும் அதோடு வரவேண்டும். பட்டி இறுக்கமாக இருந்தால்தான், விழுந்தாலும் மேலால் தண்ணீர் போகாது. ஆனால் காற்சட்டை உடை, பட்டி உபகரணம். உபகரணத்துக்கான ஒதுக்கீடு அடுத்த வருசம்.

மட்டித்துறை மாதா கோயில் மண்டபத்தில் பயிற்சிப் பட்டறை நடந்தது. கஜானி கொழும்பிலிருந்து வந்திருந்தார். நேர்த்தியாகக் கதைப்பார், எந்தக் கேள்விக்கும் கோபிக்கமாட்டார். களிசானை வாங்குவது பெரிதல்ல, பராமரிப்பதே பெரிது என்று தொடங்கினார். ஒவ்வொருமுறை உப்புத் தண்ணீரில் நனைந்ததும் நன்னீரில் கழுவவேண்டும். உள்ளேயும் கழுவவேண்டும். வெயிலில் போடக்கூடாது, நிழலில் காலை மேலே கட்டித் தலைகீழாகத் தொங்கவிடவேண்டும். மடிக்கக்கூடாது, மடித்தால் மடிப்பில் வெடிக்கும். குளிர்ந்த, உலர்ந்த அறையொன்றில் வைக்கவேண்டும்.

குளிர்ந்த அறை என்றதும் மண்டபத்தில் ஒரு சின்னச் சிரிப்பு எழுந்து அடங்கியது. ஊரில் பாதிப்பேர் இன்னமும் தகரக் கூரைக்குக் கீழே இருந்தார்கள்.

பெனடிக்ரா எழும்பினாள். “மிஸ், எங்கடை கிணறெல்லாம் உவர். குடிக்கிற தண்ணி பவுசர் லொறியில வரும், கிழமைக்கு ஒருக்கால். சிலவேளை அதுவும் வராது. அதைக் குடிக்கிறதோ, களிசானுக்கு வாக்கிறதோ?”

“நல்ல கேள்வி” என்றார் கஜானி. “திட்டத்தில பராமரிப்புக்கெண்டு ஒரு பகுதி இருக்கு. நன்னீர்ப் பவுசர் ஒண்டு ஒழுங்கு செய்யலாம். ஒவ்வொரு நாளும் வரும்.”

குடிதண்ணீருக்காக அந்த ஊர் பிரார்த்தித்த வருசங்கள் அநேகம்.

“குடிக்கவோ மிஸ்?”

“இல்லை அம்மா. களிசானுக்கு.”

முதல் நாள் எமில்ராஜ் களிசானை மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது பெனடிக்ரா சிரிக்கவில்லை, அதுவே அவனுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. களப்புக்குள் இறங்கினான். உண்மையைச் சொல்லத்தான் வேண்டும், கம்பி காலில் ஏறவில்லை. தண்ணீரும் உள்ளே வரவில்லை. வியர்வைதான் வெளியே போகவில்லை. சித்திரை வெயிலில் அவன் கழுத்துக்குக் கீழே அவிந்துகொண்டிருந்தான். பக்கத்தில் பழைய கட்டைக் காற்சட்டையோடு வலை வீசிக்கொண்டிருந்த முருகேசர், “என்னடாப்பா, இடியப்பம் மாதிரிப் புகையிறாய்” என்று கேட்டார்.

சேற்றில் சப்பாத்துப் புதைந்தது. இழுத்தான், வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தபோது முகங்குப்புற விழுந்தான். நெஞ்சுப்பக்கத்தால் களப்பு உள்ளே வந்தது. தண்ணீரை உள்ளே விடாத அந்த உயர்தரக் களிசான், உள்ளே வந்த தண்ணீரை ஒரு துளிகூட வெளியே விடவில்லை. இடுப்பளவு ஆழத்தில், பிறந்ததிலிருந்து தெரிந்த களப்பில், எமில்ராஜ் எழும்ப முடியாமல் தாழ்ந்தான். கண்ணுக்குள் பச்சையாகத் தெரிந்தது. பெனடிக்ராவின் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தான், உப்புத்தான் உள்ளே போனது.

முருகேசர் வலையை எறிந்துவிட்டு வந்து, இடுப்புக் கத்தியால் இரண்டு வாரையும் அறுத்து, மாம்பழத்தை உரிப்பதுபோல அவனை உரித்தெடுத்தார்.

அடுத்த நாள் விசாரணைக்கு ஆள் வந்தது. அரசாங்க உடைமையின் வாரை அறுத்தது யார் என்ற விசாரணை. எமில்ராஜ் உயிரோடு இருப்பது குறித்து ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. அது அவர்களின் விடயப்பரப்புக்குள் வரவில்லை. முருகேசருக்குக் கடும் எச்சரிக்கை கிடைத்தது. இனிமேல் ஆளைக் கழற்றும்போது வாரின் கொளுவியை முறையாகத் திறந்து கழற்றவேண்டும்.

பெனடிக்ரா வாரைத் தைத்துக்கொடுத்தாள். “இதைப் போட்டுக்கொண்டு ஆழத்துக்குப் போகாதேங்கோ” என்றாள். அவன் கரையோரமாகவே நின்று, கரையோரத்தில் இறால் இல்லாததால் வெறும் பறியோடு, வீதியால் வீட்டுக்கு நடந்தான். சந்தியில் காவல் நின்ற சீருடைக்காரர் இருவர் அவனை நிறுத்தினார்கள். இலையும் புல்லும் சேறும் அச்சடித்த உடுப்போடு, வியர்வையில் கழுத்துவரை நனைந்து, களப்பிலிருந்து ஒரு தமிழன் ஏறிவருவதை அவர்கள் பல வருசமாகக் காணவில்லை.

“இந்த உடுப்பு யார் தந்தது?”

“அரசாங்கம் தந்தது.”

“எந்த அரசாங்கம்?”

இந்தக் கேள்விக்குப் பிழையான பதில் சொன்னால் என்ன நடக்கும் என்பது எமில்ராஜின் வயதுக்காரர் எல்லாருக்கும் தெரியும். அவன் இரண்டு கையையும் மேலே தூக்கினான். நெஞ்சுப்பக்கத்தில் வரிசையாகச் சின்னச் சின்னப் பைகள் இருப்பதை மற்றவர் கண்டுபிடித்தார். வேட்டைக்காரர் தோட்டா வைக்கிற பைகள். ஒன்றுக்குள் எமில்ராஜ் வெற்றிலை வைத்திருந்தான். வெற்றிலை தனியாகப் பரிசோதிக்கப்பட்டது.

பின்னேரம்தான் சுபாங்கன் வந்து அவனை மீட்டார். வருகிற வழியிலேயே தீர்வையும் யோசித்துக்கொண்டு வந்திருந்தார். “நிறத்தை மாத்தேலாது அண்ணை. நிறத்தை மறைக்கலாம். களிசானுக்கு மேலால சாரத்தைக் கட்டுங்கோ.”

“சாரம் நனையுமே சேர்.”

“நனையாமல் பாக்கிறதுக்கு வேற ஏதும் திட்டம் வரும்.”

சில நாட்கள் மட்டித்துறை ஆண்கள் றப்பர் களிசானும் அதற்குமேல், இடுப்புக்குப் பதிலாக நெஞ்சில் கட்டிய சாரமுமாக, குளிக்கப்போகிற பெண்களின் குறுக்குக்கட்டோடு களப்பில் நின்றார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கழற்றிவிட்டுப் பழையபடி இறங்கினார்கள். வெங்காயம் விற்க வந்த பண்டத்தரிப்பு வியாபாரி ஒருவர் வீட்டுக்கு வீடு மாமரத்தில் களிசான்கள் தலைகீழாகத் தொங்குவதைக் கண்டு, ஊரோடு தூக்குப்போட்டுக்கொண்டார்கள் என்று எண்ணி, வந்த வழியே திரும்பிப் போனார்.

அத்தோடு களிசான்களின் கதை முடிந்திருக்கும். பவுசர் அதை முடியவிடவில்லை.

அது சொன்னபடி ஒவ்வொரு நாளும் வந்தது. ‘காற்சட்டை கழுவுவதற்கு மட்டும்’ என்று பெரிதாக எழுதியிருந்தது. சாரதி நேர்மையானவர். குடத்தோடு வந்த பெண்களைத் திருப்பி அனுப்பினார். காய்ந்த களிசானோடு வந்தவர்களையும் திருப்பி அனுப்பினார். நனைந்த களிசானுக்கே நன்னீர் என்பது அவருக்குக் கிடைத்த பணிப்பு.

பெனடிக்ரா ஓர் இரவு யோசித்தாள். காலையில் மாமரத்திலிருந்து களிசானை இறக்கி, களப்பில் ஒருமுறை முக்கி எடுத்துக்கொண்டு பவுசருக்குப் போனாள். சாரதி தொட்டுப்பார்த்தார், நனைந்திருந்தது. குழாயைத் திறந்தார். அவள் வெளியே கழுவினாள். பிறகு வாயை அகலமாகப் பிடித்து, “உள்ளுக்கும் கழுவவேணும் எண்டு மிஸ் சொன்னவ” என்றாள். சாரதி உள்ளேயும் விட்டார். களிசான் பாதத்திலிருந்து மெல்ல மெல்ல நிரம்பி, முழங்கால் வைத்து, தொடை வைத்து, வயிறு வைத்து, ஒரு பெரிய மனிதனைப்போல நிமிர்ந்தது. பெனடிக்ராவும் பக்கத்து வீட்டுக்காரியும் அந்த மனிதனைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்து, மரியாதையோடு வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

இரண்டு கிழமைக்குள் ஊர் முழுவதும் அப்படித்தான் தண்ணீர் எடுத்தது. தேத்தண்ணியில் கொஞ்சம் றப்பர் வாசம் வந்தது. பழகிவிட்டது. பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் குறைந்தது. பெண்கள் தலை முழுகினார்கள், முடி உப்பில் சடைபிடிக்கவில்லை. வேலி ஓரத்தில் கத்தரி நட்டவர்களும் உண்டு. களிசான்களை இப்போது எவ்வளவு பக்குவமாகப் பார்த்தார்கள் என்றால், மடிப்பு விழாமல், வெயில் படாமல், வெடிப்பு விடாமல், குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். கஜானி பார்வையிட வந்தபோது கண் கலங்கினார். எந்த ஊரிலும் இப்படியொரு பராமரிப்பைத் தான் கண்டதில்லை என்றார்.

“காயம் ஏதும் படுதோ?” என்று கேட்டார்.

எல்லாரும் எமில்ராஜைப் பார்த்தார்கள். உண்மையில் காயங்கள் பட்டுக்கொண்டுதான் இருந்தன. வெறுங்காலோடு இறங்குகிறவர்களுக்குக் கம்பி ஏறத்தான் செய்யும். ஆனால் களிசான் இருக்கையில் காயம் பட்டது என்று தெரிந்தால், களிசான் பாவிக்கப்படவில்லை என்று ஆகும். களிசான் பாவிக்கப்படவில்லை என்றால் பவுசர் எதற்கு?

“இல்லை மிஸ்” என்றான் எமில்ராஜ். “ஒரு காயமும் இல்லை.”

அந்தப் பொய்யைச் சொல்லி இரண்டு மாதம் கழித்து அவனுக்கு மறுபடியும் கம்பி ஏறியது. அதே இடது கால், சின்ன விரலடியில். பெனடிக்ரா ஆசுபத்திரிக்கு வெளிக்கிடச் சொன்னாள். அவன் மறுத்துவிட்டான்.

“அங்கை போனா எப்பிடிப் பட்டது எண்டு கேப்பினம்.”

“தகரம் வெட்டினது எண்டு சொல்லுங்கோவன்.”

“கம்பிக் காயத்துக்கும் தகரக் காயத்துக்கும் வித்தியாசம் டொக்டருக்குத் தெரியாதே? உண்மை தெரிஞ்சா ஊரே என்னைத்தான் திட்டும். என்னாலதான் தண்ணி நிண்டது எண்டு.”

அவள் அன்றும் களிசானை நனைத்துக்கொண்டு பவுசருக்குப் போனாள். வந்த நல்ல தண்ணீரில் மஞ்சள் போட்டுக் காய்ச்சி அவன் காலைக் கழுவினாள். விரல் கறுத்தது. நாற்றம் வந்த பிறகுதான் கொண்டுபோனார்கள். ஆசுபத்திரியில் அந்த விரலை எடுத்துவிட்டார்கள். எப்படிப் பட்டது என்று கேட்டபோது, தேங்காய் விழுந்தது என்றான். ஊருக்குத் திரும்பியபோது முருகேசர் தொடக்கம் எல்லாரும் வந்து பார்த்தார்கள். தோடம்பழம் கொண்டுவந்தார்கள். அவன் செய்தது பெரிய காரியம் என்றார்கள். எமில்ராஜுக்கும் அது கொஞ்சம் அப்படித்தான் தோன்றியது.

அவன் கட்டிலில் இருந்து எழும்பி நடக்கத் தொடங்கிய நாட்களில் ஒரு காலை, கரையில் பெரிய வாகனம் ஒன்று வந்து நின்றது. யுத்தக் கழிவுகளை அகற்றுகிற ஒரு நிறுவனத்தின் ஆட்கள். தடித்த கையுறையும் கம்பி வெட்டுகிற யந்திரமும் வைத்திருந்தார்கள். பெரியவர் எமில்ராஜிடம் வந்தார்.

“அண்ணை, இஞ்ச தண்ணிக்குள்ள பழைய முட்கம்பி கிடக்கெண்டு கேள்விப்பட்டம். இடத்தைக் காட்டினியள் எண்டாச் சரி. மத்தியானத்துக்குள்ள எடுத்துக்கொண்டு போயிடுவம்.”

எமில்ராஜ் களப்பைப் பார்த்தான். எந்த இடம் என்று கண்ணை மூடிக்கொண்டு காட்டுவான். அவன் ஒருவனுக்குத்தான் அந்தக் கம்பியின் தொடக்கமும் முடிவும் காலாலேயே தெரியும். கட்டுக்குள் இல்லாத விரல் விண்ணென்று வலித்தது. திரும்பினான். வேலிக்குப் பக்கத்தில் பெனடிக்ரா, சொட்டச் சொட்ட நனைந்த களிசானைத் தோளில் போட்டுக்கொண்டு, அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் பவுசர் வருகிற சத்தம் கேட்டது.

“அப்பிடி ஒண்டும் இஞ்ச இல்லைத் தம்பி” என்றான்.

“வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ.”

“நான் இந்தக் களப்பிலதான் பிறந்து வளந்தனான். இருந்தா எனக்குத் தெரியாதே?”

அவர்கள் அவனது காலைப் பார்த்தார்கள். தேங்காய், என்றான். வாகனம் போய்விட்டது.

கம்பி இல்லை என்ற செய்தி ஒரு சுற்றுச் சுற்றிக் கஜானியிடம் போய்ச் சேர்ந்தது. கம்பி இல்லாவிட்டால் திட்டம் இல்லை, திட்டம் இல்லாவிட்டால் பணிப்பாளர் இல்லை. அவர் கொஞ்சமும் கலங்கவில்லை. களிசான் கொடுக்கமுன் கம்பி இருந்தது, கொடுத்தபின் கம்பி இல்லை, ஆகவே கம்பியை ஒழித்தது களிசானே என்று விளக்கினார். அது மறுக்கமுடியாத தர்க்கமாக இருந்தது. திட்டம் இன்னும் சில வருசங்களுக்கு நீடிக்கப்பட்டது. கம்பியால் பாதிக்கப்படுகிற வேறு கிராமங்களுக்கும் விரிவுபடுத்தலாம் என்று சுபாங்கனுக்குப் பணிப்பு வந்தது. சுபாங்கன் அதைக் களப்போரம் முழுவதும் அறிவித்தார்.

அந்தக் கிழமையே பக்கத்து ஊரான கோரைமுனையிலிருந்து குணலட்சுமி என்ற சங்கத் தலைவியும் இன்னும் சிலரும் எமில்ராஜ் வீட்டுக்கு வந்தார்கள். அவர்கள் ஊர்க் கிணறும் உவர்தான். பெனடிக்ரா தேத்தண்ணி கொடுத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு, எல்லாரும் மறுபடியும் ஒரு வாய் குடித்தார்கள்.

“நல்ல தண்ணி” என்றாள் குணலட்சுமி.

“ஓம்” என்றாள் பெனடிக்ரா.

குணலட்சுமி கோப்பையைக் கீழே வைத்தாள். குரலைத் தாழ்த்தினாள். “அண்ணை, எங்கடை கரை சரியான சுத்தம். ஒருத்தருக்கும் காலில ஒரு கீறல்கூட இல்லை. சுபாங்கன் சேர் வந்து பாத்துப்போட்டு, உங்களுக்குத் தகுதி இல்லை எண்டிட்டார். அதுதான் கேக்க வந்தனாங்கள். உங்கடை கம்பியில ஒரு துண்டு வெட்டித் தந்தியள் எண்டா, நாங்கள் ராவோட ராவாக் கொண்டுபோய்ப் போட்டிடுவம்.”

எமில்ராஜ் கட்டுப்போட்ட காலை மெதுவாகத் தூக்கிக் கதிரையில் வைத்தான். பாவமாகத்தான் இருந்தது. தாகம் என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் ஒரு மனிதன் தன் ஊரை முதலில் பார்க்கவேண்டும்.

“குறை நினையாதேங்கோ தங்கச்சி” என்றான். “எங்களுக்கே காணாது.”